ஐந்தாவது பேர்

அப்பு,

நேற்று மதியம் நீ வக்கீல் ரெஜினாவுக்குப் போன் செய்து, என் பிரமாணப் பத்திரத்திலிருந்து ஆறாவது பத்தியை மட்டும் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறாய். பத்திரம் என்னுடையது, கீழே இருக்கிற கையெழுத்தும் என்னுடையது. என்னைக் கேட்காமல் அதில் ஒரு புள்ளியைக்கூட அழிக்க முடியாது என்பதால் அவர் எனக்குத் தகவல் சொன்னார். அவர்மேல் கோபித்துக்கொள்ளாதே, அது அவர் தொழில். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். உண்மையில் யோசிக்க ஒன்றும் இல்லை, உன்னிடம்தான் பேச வேண்டும். போனில் பேசலாம் என்றால் நீ ஓசூரிலிருந்து சாப்பிட்டீர்களா என்பாய், நான் அங்கே மழை உண்டா என்பேன், இரண்டு பேரும் வைத்துவிடுவோம். எட்டு வருஷமாக நாம் அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். பரீட்சைப் பேப்பரெல்லாம் திருத்தி முடித்துவிட்டு உட்கார்ந்து படி, கணக்கு வாத்தியார் புத்தியில் கடைசி வரியை முதலில் பார்க்காதே.

திருவிழாச் சண்டை உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீ அன்று அந்த இடத்தில் இல்லை, அதனால் உனக்குத் தெரிந்தது பாதிதான். நம் ஊர்ச் சப்பரம் எந்தத் தெரு முக்கில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதற்கு ஒரு முறை உண்டு. ஒரு ஜெபம், பேண்ட் செட்டில் இரண்டு பாட்டு, பிறகு நகர வேண்டும். அந்த வருஷம் மேற்குத் தெருக்காரர்கள் கூடுதலாக இரண்டு பாட்டு வாசிக்கச் சொன்னார்கள். சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே சப்பரம் நம் கிழக்குத் தெருவுக்கு வர வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும் என்று நம் ஆட்கள் அவசரப்பட்டார்கள். சப்பரம் வைத்திருந்த டிராக்டரின் சாவியை நம் தெருப் பையன் ஒருவன் திருக, மேற்குத் தெருப் பையன் ஒருவன் அதைப் பிடுங்க, அம்புட்டுத்தான். ஐந்து நிமிஷம் நடந்திருக்குமா? அதற்குள் மேற்குத் தெருச் சவரியப்பன் மாமாவுக்கு உதடு கிழிந்தது, பேண்ட் செட்டு டிரம் ஒன்று பொத்தலானது, சப்பரத்தில் அந்தோணியார் சிலை மேல் மாட்டியிருந்த சீரியல் பல்பெல்லாம் கீழே கிடந்தது. இத்தனைக்கும் இரண்டு தெருவும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த தெருக்கள். சவரியப்பன் உன் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அந்த ஐந்து நிமிஷமும் நீ பள்ளிக்கூடத்தில் ஊருக்கே போடுகிற அசனச் சாப்பாட்டுப் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றாய். சண்டை போட்டவர்களில் பாதிப் பேர் அதற்கு முன்னால் உன் கையால்தான் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

மறுநாள் காலையில் ஸ்டேஷனில் இரண்டு தெருப் பெரியவர்களும் நின்றோம். நான் நம் தெருச் சபைத் தலைவர். அன்றைக்கு இருந்த அதிகாரி நல்ல மனுஷன் என்றுதான் அப்போது நினைத்தேன். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அங்கிட்டு அஞ்சு பேரு, இங்கிட்டு அஞ்சு பேரு குடுங்க, நான் எழுதி அனுப்பிருதேன். இல்லேன்னா வீடு வீடாப் போயி முப்பது பேரைத் தூக்குவேன், அடுத்த வருசம் திருவிழாவும் நடக்காது" என்றார். எங்களுக்கு அது நியாயமாகப்பட்டது. நம் பக்கத்தில் இது புதிதும் இல்லை. எந்த ஊர்ச் சண்டையானாலும் இரண்டு பக்கமும் சமமாகப் பேர் கொடுத்துவிட்டால் யாரும் ஜெயித்ததில்லை, யாரும் தோற்றதில்லை என்று ஆகிவிடும், மறுவாரம் பேசிக்கொள்ளலாம். அடித்தது யார் என்பது பற்றி அங்கே யாரும் பேசவில்லை, எத்தனை பேர் என்பதுதான் பேச்சு. வேடசந்தூர் பக்கத்து மில்லில் முப்பது வருஷம் டைம் ஆபீஸில் உட்கார்ந்து, எந்த ஷிஃப்டுக்கு யார், எந்த மில் பஸ்ஸில் யார் என்று பேர் எழுதியவன் நான். ஐந்து இடம் இருந்தால் ஐந்து பேர் எழுத வேண்டும் என்று எனக்குக் கை தானாகப் போகும்.

நான்கு பேர் தானாக வந்தார்கள். நிஜமாகவே கைகலந்தவர்கள், மறுக்கவும் இல்லை. ஐந்தாவது இடத்துக்குத்தான் ஆள் இல்லை. ஒருவன் பெண்டாட்டிக்கு மாசம் நிறைந்திருந்தது. ஒருவனுக்கு மஸ்கட் விசா வந்திருந்தது. ஒருவனுக்குப் பதினைந்து நாளில் கல்யாணம். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் உன் பேரைச் சொன்னேன். காலேஜில் படிக்கிற பையன், பத்தொன்பது வயசு, வேலை வெட்டி என்று எதுவும் கெடாது என்று அந்த நிமிஷத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னபோது, "நான் அங்க இல்லவே இல்லையேப்பா" என்று மட்டும் கேட்டாய். கணக்குக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது, ஒன்றும் ஆகாது என்றேன். அதற்கு மேல் நீ கேட்கவில்லை. நீ எதிர்த்துக் கத்தியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும். நீ அந்த மாதிரிப் பிள்ளை இல்லை, அது எனக்கு நன்றாகவே தெரியும்.

கோர்ட்டுக்குக் கூப்பிடுவதற்குள் இரண்டு தெருவும் ராசியாகிவிட்டது. பத்துப் பேரும், நானும், சவரியப்பனும் ஒரே வேனில் போனோம். இரண்டு தரப்புக்கும் சேர்த்து ஒரே வக்கீல், வயசானவர். ஒத்துக்கொண்டால் ஒரே நாளில் முடிந்துவிடும், இல்லையென்றால் வருஷக்கணக்கில் நடக்க வேண்டும் என்றார். நாங்கள்தான் ராசியாகிவிட்டோமே, ஒத்துக்கொண்டால் என்ன என்று நானும் சொன்னேன். என் வாழ்க்கையிலேயே நான் செய்த பெரிய முட்டாள்தனம் அந்த ஒரு வாக்கியம்தான். ராசியாவதும் குற்றத்தை ஒத்துக்கொள்வதும் ஒன்று என்று நினைத்தேன். நான் மட்டும் இல்லை, வேனில் வந்த எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம். நீதிபதி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். உன் முறை வந்தபோது நீ திரும்பி என்னைப் பார்த்தாய். நான் தலையாட்டினேன். "அப்பா சொன்னாரு, ஒத்துக்கிறேன்" என்றாய். பின்னால் நின்ற யாரோ சிரித்தார்கள். அபராதமும், கோர்ட் கலையும் வரை காவலும் போட்டார்கள். சாயங்காலம் வரை பின்வரிசை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவதுதான் அது என்று வக்கீல் சொல்ல, பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றுவதற்கு இது தேவலை என்று கேலி பேசினோம். மதியம் வாங்கி வந்த பார்சலுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் பத்தவில்லை என்று அதற்கும் ஒரு சண்டை. நீ மட்டும் அன்றைக்கு நடந்த மற்ற கேஸ்களைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாய். போகட்டும், பையன் பராக்குப் பார்க்கிறான் என்று நினைத்தேன்.

பிறகு நீ எம்.எஸ்ஸி., பி.எட். முடித்து, ஓசூரில் தனியார் பள்ளியில் சேர்ந்து, பரீட்சை எழுதி அரசுப் பள்ளிக்குத் தேர்வாகி, போலீஸ் சரிபார்ப்புக்கு ஒரு படிவம் வந்தது. எப்போதாவது நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டதுண்டா என்று அதில் ஒரு கேள்வி. இல்லை என்று போடு, பெஞ்சில் உட்கார்ந்து வந்ததற்குப் பேர் தண்டனையா என்றேன். அது என் இரண்டாவது முட்டாள்தனம். நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு 'ஆம்' என்று எழுதி, கேஸ் நம்பரையும் எழுதினாய். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. இப்போது ரெஜினா சொல்கிறார், நீ அன்று மறைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்குமாம். வேலையில் சேர்ந்து பத்து வருஷம் கழித்துக் கண்டுபிடித்தாலும், மறைத்தான் என்ற ஒரு காரணத்துக்காகவே வீட்டுக்கு அனுப்பலாமாம். உண்மையை எழுதியவனுக்கு வாதாட இடம் உண்டு, மறைத்தவனுக்கு இல்லை என்றார். பணி ஆணை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதே தவிர ரத்தாகவில்லை. இந்த வருஷக் கடைசிக்குள் நிலைமையைத் தெரிவிக்கச் சொல்லி உனக்கு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குக் காரணம் நீ எழுதிய அந்த ஒரு சொல். உன்னை நினைத்து நான் பெருமைப்படுகிறேன். இதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

ரெஜினாவிடம் முதல் தடவை போனபோது நான் எல்லாம் தெரிந்தவன் மாதிரி அரை மணி நேரம் பேசினேன். சின்னாளப்பட்டிப் பெண், உன்னைவிட இரண்டு மூன்று வயசு மூத்தவராக இருக்கலாம். நான் பேசி முடிக்கும் வரை பேனாவை மூடி வைத்துக்கொண்டு கேட்டார். "அங்கிள், நீங்க சொன்னதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. கோர்ட்ல என்ன எழுதியிருக்குன்னு பாக்கணும். நகல் வாங்கிட்டு வாங்க" என்றார். மூன்று வாரம் அலைந்து நகல் வாங்கினேன். வழக்கு முடிந்து இத்தனை வருஷத்தில் அந்தத் தீர்ப்பை நாம் யாருமே படித்ததில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. வீட்டுக்கு ஒரு மிக்ஸி வாங்கினால் அதோடு வருகிற காகிதத்தை வரி விடாமல் படிக்கிறவன் நான். என் பிள்ளை தண்டிக்கப்பட்ட காகிதத்தைப் படிக்கவில்லை.

அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு அவர் எனக்குப் பாடம் எடுத்தார். உனக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், நாளைக்கு உன் வகுப்பில் எவனாவது ஒரு பையன் இதே மாதிரி மாட்டிக்கொண்டு வந்து நிற்பான். எஃப்.ஐ.ஆரில் பேர் வந்தால் அது ஒருவர் சொன்ன புகார்தான். விசாரித்துக் குற்றப்பத்திரிகை போட்டால் அது போலீஸ் சொல்கிற குற்றச்சாட்டு. கோர்ட் சொன்னால்தான் அது குற்றம். இந்த மூன்றையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, ஒன்று வந்ததுமே எல்லாம் வந்துவிட்டதாகத் தலையில் கை வைக்கிறோம், அல்லது எதுவுமே இல்லை என்று அலட்சியமாக இருக்கிறோம். உன் மேல் இருந்தது மூன்று பிரிவு. வழி மறித்தது, அடித்தது, கலகம் செய்தது. முதல் இரண்டையும் அடிபட்டவர் மனசு வைத்தால் கோர்ட்டிலேயே ராஜி செய்துகொள்ளலாம். ராஜியானால் விடுதலைக்குச் சமம், கறையே கிடையாது. கலகத்துக்கு மட்டும் அந்தக் கோர்ட்டில் ராஜி கிடையாது. அதனால்தான் அந்த வயசான வக்கீல் எல்லாரையும் ஒத்துக்கொள்ளச் சொன்னார். இப்போது சட்டங்களின் பேரும் எண்ணும் மாறிவிட்டன, ஆனால் சம்பவம் நடந்த காலத்துச் சட்டம்தான் உனக்குப் பொருந்தும் என்பதையும் சொல்லிவைத்தார்.

அப்போது ஒன்று கேட்டார். "உங்க பக்கம் சண்டை போட்டது நாலு பேர்தானே அங்கிள்? ஒரு பக்கத்துல அஞ்சு பேருக்குக் குறைஞ்சா அந்தப் பக்கத்து மேல கலகப் பிரிவே நிக்காது. அஞ்சாவது பேரை யார் சேர்த்தது?" என்றார். நான்தான் என்றேன். நான்கு பேரோடு நின்றிருந்தால் அது வெறும் அடிதடி. சவரியப்பன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாரும் கறையில்லாமல் வீட்டுக்கு வந்திருப்பார்கள். நான் எழுதிக்கொடுத்த ஐந்தாவது பேர்தான் அடிதடியைக் கலகமாக ஆக்கியது. உன்னை மட்டும் இல்லை, அந்த நான்கு பேரையும் சேர்த்துக் கவிழ்த்திருக்கிறேன். பேர் தெரியாத வேறு சிலரும் இருந்தார்கள் என்று போலீஸ் எழுதியிருக்க முடியும், எல்லாம் உங்களால்தான் என்று சொல்லவில்லை என்று ரெஜினா சமாதானம் சொன்னார். அவர் சொன்னது சட்டத்துக்குச் சரி. எனக்கு அது ஆறுதலாக இல்லை.

தண்டனையைப் பற்றியும் சொன்னார். இரண்டு வருஷம் வரை என்று சட்டம் சொன்னால், அது மேல் எல்லை. அதற்குள் எவ்வளவு என்பதை வயசு, முதல் குற்றமா, நடந்தது என்ன என்றெல்லாம் பார்த்து நீதிபதி முடிவு செய்ய வேண்டும். கோர்ட் கலையும் வரை உட்கார்ந்திருப்பதும் ஏட்டில் சிறைத்தண்டனைதான், அரை நாளானாலும் அரை வருஷமானாலும் படிவத்தில் ஒரே கட்டத்தில்தான் டிக் அடிக்க வேண்டும். ஆனால் அதே காகிதத்தில் உனக்குச் சாதகமாக இரண்டு ஓட்டை இருக்கிறது. தீர்ப்பு வந்த அன்று உனக்கு இருபத்தொன்று நிறைய நான்கு மாதம் பாக்கி. இருபத்தொன்று நிறையாதவனைச் சிறைத்தண்டனைக்கு அனுப்பும் முன்னால் நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேட்க வேண்டும், கண்டித்து விடவோ நன்னடத்தையில் விடவோ ஏன் கூடாது என்று காரணம் எழுத வேண்டும். எதுவும் எழுதப்படவில்லை. இரண்டாவது, ஒத்துக்கொள்கிறவன் சொன்ன வார்த்தையைக் கூடியவரை அப்படியே பதிய வேண்டுமாம். அந்தக் காகிதத்தில் நம் தெரு ஐந்து பேருக்கும் 'குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரே மாதிரி தட்டச்சு செய்திருக்கிறது. நீ சொன்ன 'அப்பா சொன்னாரு' அதில் இல்லை. அந்த இரண்டு சொல்லும் அதில் இருந்திருந்தால், நீயாக ஒத்துக்கொள்ளவில்லை என்பது படிக்கிற எவருக்கும் தெரிந்திருக்கும்.

ஒத்துக்கொண்டவனுக்குத் தண்டனையின் அளவு பற்றித் தவிர மேல்முறையீடு கிடையாது. ஆனால் சீராய்வு மனு போடலாம். அதற்கான காலம் தொண்ணூறு நாள், நாம் தாண்டியிருப்பது ஏழு வருஷத்துக்கு மேல். தாமதத்துக்குக் காரணம் காட்டினால் கோர்ட் மன்னிக்கலாம். அந்தக் காரணத்தைச் சொல்வதுதான் என் பிரமாணப் பத்திரம். அதன் பிறகு இரண்டு வழி. ஒன்று, குற்றம் அப்படியே இருக்கட்டும், தண்டனையை மட்டும் மாற்றிக் கண்டித்து விட்டதாக ஆக்குங்கள் என்று கேட்பது. இது அநேகமாகக் கிடைக்கும், சீக்கிரமும் கிடைக்கும், தண்டனையால் வருகிற தகுதியிழப்பும் நீங்கும். ஆனால் நீ குற்றவாளி என்ற வரி அழியாது, வேலை கொடுக்கிறவர்கள் அதையும் பார்க்கலாம். இரண்டு, அந்த ஒப்புதலே செல்லாது, தீர்ப்பை ரத்து செய்து புதிதாக விசாரியுங்கள் என்று கேட்பது. கிடைத்தால் நீ சுத்தமாக வெளியே வரலாம். ஆனால் விசாரணை முடியும் வரை உன் மேல் வழக்கு நிலுவையில் இருக்கும், வருஷக் கடைசிக்குள் முடியாமலும் போகலாம். இரண்டையும் ஒரே மனுவில் ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று என்று கேட்கலாம் என்றும் சொன்னார்.

நீ முதல் வழி மட்டும் போதும் என்கிறாய். வேலைக்காக என்றால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆனால் ரெஜினாவிடம் நீ சொன்ன காரணம் வேறு. அப்பா கூண்டில் ஏறிப் பொய்ப் பேர் கொடுத்தேன் என்று சொல்வதைப் பார்க்க உனக்கு மனசு இல்லையாம். ஆறாவது பத்தியில் நான் எழுதியிருப்பது அதுதான். என் மகன் சம்பவ இடத்தில் இல்லை என்று தெரிந்தே, எண்ணிக்கைக்காக அவன் பேரை நான்தான் கொடுத்தேன், ஒத்துக்கொள்ளச் சொன்னதும் நான்தான். இதை எழுதிக் கொடுத்தால் உங்கள் மேலேயே நடவடிக்கை வரலாம் என்று ரெஜினா என்னை எச்சரித்தார். காலம் கடந்துவிட்டது, அநேகமாக வராது, ஆனால் வரவே வராது என்று எழுதித் தர மாட்டேன் என்றார். எழுதித் தர வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். மில் டைம் ஆபீஸில் முப்பது வருஷத்தில் ஒரு தப்புக் கையெழுத்துப் போட்டதில்லை என்று மார்தட்டுகிறவனுக்கு இது ஒன்றும் பெரிய காரியம் இல்லை.

ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று பயப்படுகிறாயா? தெரிந்துவிட்டது. போன ஞாயிறு பூசை முடிந்து சபை கூடியபோது நானே சொல்லிவிட்டேன். இப்போதைய தலைவருக்கு முகம் சிறுத்துப்போனது. ஆறிப்போனதைக் கிளறுகிறீர்கள், திருவிழா அனுமதிக்கு இடைஞ்சல் வரும் என்றார். வந்தால் நான் போய் நின்று பேசுகிறேன் என்றேன். இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள், செத்த நேரம் கஷ்டமாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் சவரியப்பன் சைக்கிளில் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "மாப்ள, அன்னைக்கு என்னைய அடிச்சவன் யாருன்னு எனக்குத் தெரியும். ஒம் மகன் இல்ல. அவன் எனக்கு ரெண்டாந்தரம் சாம்பார் ஊத்துனவன். எந்தக் கோர்ட்டுக்கு வேணும்னாலும் வாரேன், சொல்றேன். இம்புட்டு நாளா யாரும் என்னையக் கேக்கலை, நானும் சும்மா இருந்துட்டேன்" என்றார். அடிபட்டவரே இப்படிச் சொல்லும்போது இரண்டாவது வழி அவ்வளவு ஆபத்தானது இல்லை என்று ரெஜினாவும் சொல்கிறார். எனக்குச் சந்தேகமே இல்லை. நீ ஜெயிப்பாய்.

ஆனாலும் எந்த வழி என்பதை நான் சொல்லப்போவதில்லை. சொல்ல வாய் துடிக்கிறது, உனக்குத் தெரியும். வேலை உன்னுடையது, வருஷங்கள் உன்னுடையவை. சீக்கிரம் முடிந்தால் போதும் என்று நீ முதல் வழியை எடுத்தால் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். கணக்குப் போடும்போது என் மானத்தை மட்டும் அதில் சேர்க்காதே. எந்த வழியானாலும் ஆறாவது பத்தி இருக்க வேண்டும். அது உன் வழக்குக்காக மட்டும் எழுதியது இல்லை.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அன்றைக்கு ஸ்டேஷனில் உன் பேரைச் சொன்னதும், கூட இருந்தவர்கள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சொந்தப் பிள்ளையையே கொடுத்துவிட்டார், இவரல்லவா தலைவர் என்றார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. அடுத்த இரண்டு தடவையும் போட்டியில்லாமல் என்னையே தலைவராக்கினார்கள், அதுவும் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அஞ்சாவதுக்கு ஆளு இல்லேன்னா ஒங்க பேரை எழுதுறதுக்கு என்ன?" என்று கேட்டாள். நான் அதட்டினேன். அவள் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. மில் வேலை போய்விடும் என்று பயந்து என் பேரைத் தவிர்த்தேன் என்று சொன்னால் அதிலாவது ஒரு காரணம் இருக்கும். அதுகூட இல்லை, அப்பு. அவள் கேட்கும் வரை என் பேர் என் நினைவுக்கே வரவில்லை. ஐந்து பேர் வேண்டும் என்று அந்த அதிகாரி சொன்னபோது, அவர் முன்னால் நின்ற ஆட்களில் நானும் ஒருவன் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. உன் பேர் மட்டும் உடனே தோன்றியது, ஏனென்றால் நீ மறுக்க மாட்டாய்.

இந்தத் தடவை மறுக்க வேண்டும் என்று தோன்றினால் மறுத்துவிடு. கத்தவும் செய், கேட்டுக்கொள்கிறேன். மனுவில் என்ன கேட்பது என்பதை ரெஜினாவிடம் நீயே சொல். வியாழக்கிழமை தாக்கல் செய்கிறார்கள், பத்து மணிக்கெல்லாம் நான் கோர்ட்டில் இருப்பேன். நீ லீவு போட்டு வர வேண்டாம். அன்றைக்கு அங்கே நிற்க வேண்டியவன் நான் ஒருவன்தான்.

அப்பா